மரப்பழமும் மரத்துப் பழமும்: 1,249 ரூபாய்ப் பெட்டியோடு ஒரு மே மாதம்

பெட்டி வந்தபோது வீட்டில் நானும் பேரப்பிள்ளைகள் இரண்டு பேரும் மட்டும்தான். பெங்களூருவில் இருக்கும் மகள் முதல் நாளே போனில் சொல்லியிருந்தாள்: "அம்மா, பிரிக்கிறப்ப வீடியோ எடுத்துரு. எதுவும் உடைஞ்சிருந்தா அதைக் காட்டித்தான் மாத்தணும்." நான் கண்ணாடியைத் தேடி, போனைத் தேடி வருவதற்குள் சின்னவன் பெட்டி மேல் ஏறி உட்கார்ந்து குதிரை ஓட்டிக்கொண்டிருந்தான். ஒரு மூலை நசுங்கிக் கிடந்தது. அதைக் கூரியர்காரர் கணக்கில் எழுதுவதா, என் பேரன் கணக்கில் எழுதுவதா? விட்டுவிட்டேன். எழுத வேறு குறைகள் இருக்கின்றன.

மூன்று வயது முதல் ஆறு வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு, கோடை லீவில் வீட்டிலேயே செய்யப் பழங்களை வைத்துப் பத்து நாள் விளையாட்டு. இதுதான் பெட்டி. விலை 1,249 ரூபாய், அனுப்பும் கூலி தனியாக 80. ஆர்டர் போட்டு ஒன்பதாம் நாள் திண்டுக்கல்லுக்கு வந்து சேர்ந்தது. கம்பெனி பெயரைச் சொல்லப்போவதில்லை. இதே மாதிரிப் பெட்டியை இப்போது பல பேர் விற்கிறார்கள், உள்ளே இருப்பதும் ஏறக்குறைய ஒன்றுதான். எதை வாங்கினாலும் நான் சொல்வதில் பாதி பொருந்தும்.

நான் யார் இதைச் சொல்ல என்று கேட்டால், 31 வருஷம் அங்கன்வாடியில் வேலை பார்த்தவள். ஊரில் இன்னும் 'பால்வாடி டீச்சர்' என்றுதான் பெயர். கூழாங்கல், புளியங்கொட்டை, சோடா மூடி, வேப்பிலை இவற்றை வைத்தே எண்ணவும் பிரிக்கவும் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். அதனால் காசு கொடுத்து வாங்கிய விளையாட்டுச் சாமான் என்றாலே எனக்குக் கொஞ்சம் இளக்காரம் உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நியாயம்.

திறந்ததும் முதலில் வந்தது மரத்தில் செய்த எட்டுப் பழங்கள். ஒவ்வொன்றும் இரண்டு துண்டு; நடுவில் வெல்க்ரோ. பிள்ளைகள் செருப்பில் வருமே, பிரித்தால் சர்ரென்று சத்தம் கேட்குமே, அந்த ஒட்டு. கூடவே ஒரு மரக்கத்தி. பழத்தை வெட்டினால் சர்ரென்று பிரியும், சேர்த்து வைத்தால் ஒட்டிக்கொள்ளும். வழவழவென்று இழைத்திருக்கிறார்கள், ஒரு சிலாம்பு கிடையாது. சாயமும் நல்ல சாயம். சின்னவன் ஆப்பிளை மூன்று நாள் கடித்தான். பல் பதிந்ததே தவிர நிறம் வரவில்லை. இந்த ஒரு சாமானுக்குப் பாதி விலை தரலாம்.

ஆனால் அந்த எட்டுப் பழம் எவை தெரியுமா? ஆப்பிள், ஆரஞ்சு, வாழைப்பழம், தர்பூசணி, பேரிக்காய், ஸ்ட்ராபெரி, கிவி, அவகாடோ. மாம்பழம் இல்லை. மே மாதத்தில், தமிழ்நாட்டு விலாசத்துக்கு வரும் பழப்பெட்டியில் மாம்பழம் இல்லை. நான் அடி அட்டையைக்கூடத் தூக்கிப் பார்த்தேன். பலாவும் இல்லை, நம் மாநிலத்துக்குப் பழம் என்று வைத்திருப்பதே அதைத்தான். முக்கனியில் ஒரு கனி மட்டும் தப்பித்து வந்திருந்தது.

அந்த வாழைப்பழத்தால்தான் இரண்டாம் நாள் கூத்து நடந்தது. மரப்பழத்தை வெட்டி வெட்டிப் பழகிய பெரியவளுக்கு நிஜப்பழம் கொடுக்கலாம் என்று வெண்ணெய் தடவுகிற மொட்டைக் கத்தியைக் கையில் கொடுத்தேன். சிறுமலைப் பழம். தோல் கனம், உள்ளே கெட்டியாக இருக்கும், அதனால் சின்னக் கைக்கு நசுங்காமல் நிற்கும். பூவனையோ ரஸ்தாளியையோ கொடுத்தால் கொழகொழவென்று போய்விடும். நாக்கை மடக்கிக் கடித்துக்கொண்டு அழகாக நாலு துண்டு போட்டாள். அப்புறம் இரண்டு துண்டை எடுத்து ஒன்றோடு ஒன்று வைத்து அழுத்தினாள். விட்டாள். விழுந்தது. மறுபடி அழுத்தினாள். மறுபடி விழுந்தது. துண்டைத் திருப்பி வெட்டின முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அம்மாச்சி, இதுல ஒட்டுறது எங்க இருக்கு?"

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு கொஞ்சம் யோசனையாகவும் இருந்தது. இந்தக் காலத்துப் பிள்ளைக்கு வெட்டினால் ஒட்டாது என்பதே ஒரு பாடமாகச் சொல்லித்தர வேண்டியிருக்கிறது. வெட்டின முகத்தில் நடுவே மூன்று வரியாகக் கரும்புள்ளி தெரியும், பார்த்திருப்பீர்கள். "அதுதான் விதையா இருக்க வேண்டியது, நாம சாப்பிடுற பழத்துல அது வளராமப் போயிரும்" என்று சொன்னேன். மரப்பழத்திலும் அந்தப் புள்ளியை வரைந்திருக்கிறார்கள், அதைப் பாராட்ட வேண்டும். பெரியவள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, ஒட்டாத பழத்தைத் தின்றாள்.

பெட்டியின் மேல் அட்டையில் கொட்டை எழுத்தில் மாண்டிசோரி முறை என்று போட்டிருக்கிறது, பக்கத்தில் வெளிநாட்டுப் பிள்ளை ஒன்றின் படம். என்னமோ கடல் தாண்டி வந்த வித்தை மாதிரி. இந்த முறையை உருவாக்கிய மரியா மாண்டிசோரி அம்மா 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். உலகப்போரால் ஐரோப்பாவுக்குத் திரும்ப முடியாமல் இங்கேயே தங்கி, சில வருஷம் கொடைக்கானலில் குழந்தைகளோடு வேலை பார்த்தவர். எங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம். பிள்ளை கையில் நிஜக் கத்தி, நிஜத் தண்ணீர், நிஜப் பாத்திரம் கொடு என்பதுதான் அவர் முறையில் முக்கியமான பேச்சே. வெல்க்ரோவைப் பார்த்தால் என்ன சொல்லியிருப்பாரோ.

நான்காம் நாள் விளையாட்டுக்கு முழு மார்க். குண்டானில் தண்ணீர் வைத்து, எந்தப் பழம் மிதக்கும், எது முங்கும் என்று முதலில் சொல்லச் சொல்லி, பிறகு போட்டுப் பார்ப்பது. மிதக்கும், முங்கும் என்று இரண்டு படத்தட்டி கொடுத்திருக்கிறார்கள். பழத்தை எடுத்து அந்தந்தத் தட்டியில் வைக்க வேண்டும். தர்பூசணிதான் பெரிசு, அது முங்கும் என்று இரண்டு பேரும் சத்தியம் செய்தார்கள். மிதந்தது. ஒற்றைத் திராட்சை அடிக்குப் போனது. இத்தனை பெரிசு மிதக்குது, இத்துனூண்டு முங்குது என்று சின்னவனுக்கு நம்பவே முடியவில்லை. திராட்சையை எடுத்து எடுத்துப் போட்டுக்கொண்டே இருந்தான். கடைசியில் ஆரஞ்சு. தோலோடு போட்டால் மிதக்கிறது, உரித்துப் போட்டால் முங்குகிறது. தோலுக்குள் காற்று அறை அறையாக இருக்கிறது, அது பழத்தைத் தூக்கிப் பிடிக்கிறது. இதைக் குறிப்பேட்டில் அழகாகப் படம் போட்டு விளக்கியிருக்கிறார்கள். நான் விளக்குவதற்கு முன்பே பெரியவள் ஒரு விளக்கம் வைத்திருந்தாள்: "சட்டை போட்டிருந்தா மிதக்கும். கழட்டுனா முங்கிரும்." கிட்டத்தட்ட சரிதான். அன்று சாயங்காலம் குளிக்கும்போது சட்டையைக் கழற்ற மாட்டேன் என்று அழுதது தனிக்கதை.

இந்தத் திராட்சை விஷயத்தில் ஒன்று கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். குறிப்பேட்டில் ஆறாம் நாள் திராட்சையைக் குச்சியில் கோத்து 'பழத் தொடர்வண்டி' செய்து சாப்பிடச் சொல்கிறார்கள், முழுத் திராட்சையாக. ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு முழுத் திராட்சை தரவே கூடாது. தொண்டைக்குழி அளவுக்கு அச்சாகப் பொருந்தி மூச்சை அடைத்துவிடும். நீளவாக்கில் நாலாகக் கீறித்தான் கொடுக்க வேண்டும், குறுக்கே வெட்டினாலும் வட்டம் வட்டமாகவே இருக்கும், பிரயோஜனமில்லை. இதற்கு ஒரு வரி எச்சரிக்கைகூடப் போடவில்லை.

அதே கவனக்குறைவு தர்பூசணி எண்ணும் அட்டையிலும். சிவப்புத் துணியில் தர்பூசணிக் கீற்று, அதன் மேல் விதையாக வைக்கக் கறுப்புப் பொத்தான் இருபது, எடுத்து வைக்க ஒரு சின்ன இடுக்கி. யோசனை அருமை. இடுக்கி அதைவிட அருமை. பென்சில் பிடிக்கப் போகும் விரல்களுக்கு அதுதான் உடற்பயிற்சி. ஆனால் பொத்தான் சுண்டுவிரல் நகத்தளவு. மூன்று வயசு என்று அட்டையில் போட்டுவிட்டு இதை உள்ளே வைப்பார்களா? என் 31 வருஷத்தில் பிள்ளைகள் மூக்கிலிருந்து நான் எடுத்ததை எல்லாம் சேர்த்தால் ஒரு மளிகைக் கடை வைக்கலாம்: பட்டாணி, புளியங்கொட்டை, ஒரு தடவை முழு மொச்சை. பொத்தான் இருபதையும் எண்ணி டப்பாவில் போட்டு பீரோவில் பூட்டிவிட்டேன்.

பதிலுக்குப் பலாக்கொட்டை. பஸ் ஸ்டாண்டு பக்கம் தள்ளுவண்டியில் கால் பழம் வாங்கி வந்தேன். கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு சுளை எடுக்கிற வித்தையைப் பெரியவளுக்குக் காட்டினேன். எண்ணெய் தடவாத விரலில் பால் ஒட்டிக்கொண்டு இழை இழையாக வருவதையும் வேண்டுமென்றே காட்டினேன். வெல்க்ரோ இல்லாமல் ஒட்டும் பழம் இது என்றதும் அவளுக்கு ஒரே சந்தோஷம். பலாவில் ஒரு வசதி, ஒரு சுளைக்கு ஒரு கொட்டை. ஒன்றுக்கு ஒன்று என்பதுதான் எண்ணுவதற்கே அடிப்படை. பிள்ளை நூறு வரை ஒப்பிப்பான், அஞ்சு டம்ளரை எடுத்து வா என்றால் ஏழு கொண்டுவருவான். ஒன்றுக்கு ஒன்று பிடிபடாததுதான் காரணம். சுளையைச் சுளகில் வரிசையாக வைத்து ஒவ்வொன்றாகக் கொட்டையைப் பிதுக்கி எதிரே வைத்தோம். 23 சுளை, 23 கொட்டை. கழுவிக் காயவைத்து இரண்டு நாள் அந்த இடுக்கியால் எடுத்து விளையாடினார்கள். வழுக்கும், அதனால் பொத்தானைவிடக் கஷ்டம், அதனால் நல்லது. மூன்றாம் நாள் கத்தரிக்காயோடு சேர்த்துக் குழம்பு வைத்துவிட்டேன். எண்ணின சாமானைச் சாப்பிடக் கொடுக்கிற வசதி எந்தப் பெட்டியில் உண்டு?

தமிழ் அட்டைகளைப் பற்றிப் பேசாமல் இருக்கலாம் என்று நினைத்தேன், முடியவில்லை. ஆங்கிலத்தில் 26 அட்டை. 'இப்போது தமிழிலும்' என்று ஒட்டுத்தாள் ஒட்டி 12 அட்டை தனியாக. கி என்றால் கிவி. ஸ் என்றால் ஸ்ட்ராபெரி. உயிர், மெய் தெரியாத பிள்ளைக்கு ஸ் எதற்கு? இலந்தை இருக்கிறது, ஈச்சம்பழம், எலுமிச்சை, கொய்யா, சப்போட்டா, நாவல், நெல்லி, மாதுளை, விளாம்பழம் எல்லாம் இருக்கின்றன. வாழைப்பழத்தை 'வாழைபழம்' என்று அச்சடித்திருக்கிறார்கள், ஒற்று போயே போய்விட்டது. நான் பேனாவால் புள்ளி வைத்த ப் போட்டுச் செருகினேன். நிழலோடு பொருத்தும் அட்டையில் கழுத்து நீண்ட சீமைப் பேரிக்காயின் நிழல். பெரியவள் அதைப் பார்த்துச் சுரைக்காய் என்றாள். கொடைக்கானல் மலையிலிருந்து எங்களுக்கு இறங்கி வரும் நாட்டுப் பேரி உருண்டையாகத்தான் இருக்கும். பிள்ளை மேல் தப்பில்லை.

குறிப்பேடு முழுக்க ஆங்கிலம். கட்டம் கட்டமான சதுரத்தைப் போனில் காட்டினால் வீடியோ வரும், அதுவும் ஆங்கிலம், இந்தி. மகளிடம் கேட்டால் "நீதான் டீச்சராச்சே, பாத்துப் பண்ணும்மா" என்கிறாள். பாட்டி தாத்தா பார்த்துக்கொள்ளும் வீட்டுக்குத்தான் இந்தப் பெட்டி அதிகம் போகும் என்று கம்பெனிக்காரர்கள் யோசிக்க வேண்டாமா?

நிறச்சக்கரம் ஒன்று இருந்தது. வட்ட அட்டை, சுற்றினால் பச்சையிலிருந்து மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று வரும். படத்தில் இருக்கும் பழத்துக்கு நிறம் காட்டச் சொல்கிறார்கள், இரண்டு நிமிஷ வேலை, அப்புறம் தூக்கிப் போடுவது. அதை நான் மாங்காய்க்கு எடுத்துக்கொண்டேன். கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைத்த மாம்பழம் சட்டப்படி கூடாது, இருந்தும் பயமாக இருக்கிறது என்று நான் எப்போதும் நத்தம் பக்கத்துத் தோப்பிலிருந்து முற்றின காயாகத்தான் வாங்குவேன். வைக்கோல் பரப்பின கூடையில் ஆறு காய், நடுவில் ஒரு பழுத்த வாழைப்பழம். பழுத்த பழம் விடுகிற எத்திலீன் காற்று மற்ற காய்களையும் பழுக்கச் சொல்லும்; எங்கள் அம்மாவுக்கு அந்தப் பேர் தெரியாது, வேலை தெரியும். தினமும் காலையில் பல் தேய்த்ததும் இரண்டு பேரும் கூடையைத் திறந்து, காம்புப் பக்கம் மூக்கை வைத்து மோந்து, சக்கரத்தைத் திருப்பி எந்த நிறம் என்று பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். ஐந்து நாள் இந்த வேலை. நாலாம் நாள் சின்னவன் பெருவிரலால் அழுத்தியே ஒரு பழத்தில் குழி பறித்துவிட்டான். பொறுமை என்ற பாடத்தை இந்த வயசுப் பிள்ளைக்கு வேறு எப்படி நடத்துவது?

அன்று ராத்திரி கதைக்கு, பெட்டியில் வந்த ஸ்ட்ராபெரிக் குட்டி கதையை ஒதுக்கி வைத்துவிட்டு ஞானப்பழக் கதை சொன்னேன். பழனி எங்களுக்கு அறுபது கிலோமீட்டர். பழத்தை வெட்டக் கூடாது, முழுசாக ஒருத்தருக்குத்தான் என்று சொல்லும்போது பெரியவள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "வெட்டிக் குடுத்துட்டு, அப்புறம் ஒட்டிக்கலாம்ல?" மரப்பழம் இன்னும் மண்டையை விட்டு இறங்கவில்லை.

பனங்காய் இறங்கியதும் பெட்டியை மறந்தேவிட்டோம். நத்தம் ரோட்டுப் புளியமரத்தடியில் மொபெட்டின் இரண்டு பக்கமும் குலை கட்டிக்கொண்டு ஒருவர் நிற்பார். அவர் அரிவாளை ஓங்குவதற்கு முன்னால், "ரெண்டு கண்ணா, மூணு கண்ணா சொல்லு பாப்பா" என்று அவரே கேட்டார்; நான் சொல்லித்தரவில்லை. ஆறு காய் சீவினார். ஐந்தில் மூன்று கண், ஒன்றில் இரண்டு. பெரியவள் விரல் மடக்கிப் பதினேழு என்றாள், அவர் ஒரு சுளையை இனாமாகக் கொடுத்துப் பதினெட்டு ஆக்கினார். பெருவிரலால் நுங்கைக் குத்தி உறிஞ்சும்போது தண்ணீர் பீய்ச்சி சின்னவன் கண்ணில் அடித்தது. அதுவும் வேண்டும்.

வெறுங்காய் இரண்டை எடுத்து, நடுவே குச்சி செருகி, கவட்டைக் கம்பு வைத்துத் தள்ளினால் நுங்கு வண்டி. நான் அறுபது வருஷத்துக்கு முன்னால் ஓட்டியது. பெரியவள் தேர்ந்தெடுத்த இரண்டு காயில் ஒன்று பெரிசு, ஒன்று சிறிசு. வண்டி நேரே போகாமல் சிறிசு இருக்கும் பக்கமே இழுத்துக்கொண்டு போய் வாசல் கோலத்தில் முட்டியது. நான் வாயைத் திறக்கவில்லை. மூன்று தடவை முட்டிய பிறகு அவளே உட்கார்ந்து, மிச்சம் இருந்த நாலு காயையும் ஒவ்வொன்றாகப் பக்கத்தில் வைத்து அளந்து, ஜோடி மாற்றினாள். பெட்டியில் பெரிசு சிறிசு அடுக்க ஐந்து அட்டை ஸ்ட்ராபெரி இருக்கிறது. அதை அவள் ஒரு தடவை அடுக்கிவிட்டு மறுபடி தொடவில்லை.

ஸ்ட்ராபெரி என்றதும் ஞாபகம் வருகிறது. பத்தாம் நாள் 'விதை போட்டு வளர்ப்போம்'. தேங்காய்நார் வில்லை ஒன்று, தண்ணீர் ஊற்றினால் உப்பிப் பெரிதாகும். அது பிள்ளைகளுக்குப் பிடித்தது. விதை ஸ்ட்ராபெரி விதை. குளிர்ந்த ஊர்ச் செடி. அக்கினி நட்சத்திரத்தில், திண்டுக்கல் மாடியில். தினமும் இரண்டு பேரும் தண்ணீர் ஊற்றினார்கள், மூன்று வாரம் ஒன்றும் வரவில்லை. அதற்குள் முற்றத்துக் குழாயடியில் இவர்கள் துப்பின தர்பூசணி விதை ஏழாம் நாளே முளைத்து, இரண்டு இலை விட்டுவிட்டது. ராத்திரியோடு ராத்திரியாக அதில் ஒன்றைப் பிடுங்கி நார் வில்லையில் நட்டுவைத்தது நான்தான். மகளிடம் சொல்லிவிடாதீர்கள்.

முத்திரை குத்தும் மைப்பெட்டி வேண்டவே வேண்டாம். துவைத்தால் போகும் என்று எழுதியிருக்கிறது. என் வெள்ளைப் படுக்கை விரிப்பில் ஊதா நிற அன்னாசி ஏழு, இன்னும் இருக்கிறது. பாதி எலுமிச்சம்பழத்தையும் வெண்டைக்காய்க் காம்பையும் மஞ்சள் கரைசலில் முக்கிக் குத்தினாலும் அதே வேலை நடக்கும்; அதுவும் கறைதான், ஆனால் காசு கொடுத்து வாங்காத கறை.

கணக்குக்கு வருகிறேன். பத்து நாள் பழத்துக்கு நான் செலவழித்தது 640 ரூபாய், அதை எல்லாம் தின்றும் தீர்த்தோம். பெட்டியில் இன்றும் உயிரோடு இருப்பது மரப்பழம், இடுக்கி, நிறச்சக்கரம், மிதக்கும் முங்கும் தட்டி. ஒரு பழத்தில் வெல்க்ரோ கழன்று வந்ததைப் போட்டோ எடுத்து அனுப்பினோம், மறுநாளே மன்னிப்பும், நாலு நாளில் மாற்றுப்பழமும் வந்தது. அந்த மரியாதைக்கு ஒரு கும்பிடு. ஃபிளாட்டில், பழக்கடையைத் தவிரப் பழத்தைப் பார்க்காத பிள்ளை என்றால் வாங்கலாம், பொத்தானை எடுத்து ஒளித்துவிட்டு. அஞ்சுக்கு மூன்று நட்சத்திரம் தருவேன். மாம்பழம் வைத்திருந்தால் மூன்றரை.

போன வாரம் மகள் கேட்டாள்: "அம்மா, அடுத்த லீவுக்கு அதே கம்பெனில கடல்னு ஒரு பெட்டி போட்ருக்காங்க. சிப்பி, மீன், நண்டு எல்லாம் மரத்துல. உனக்குத்தான் பிடிக்காதே, வேண்டாமா?" மாம்பழத்துக்கு நத்தம் இருக்கிறது, பலாவுக்குத் தள்ளுவண்டி இருக்கிறது. திண்டுக்கல்லில் கடலுக்கு நான் எங்கே போவேன்? வாங்கி அனுப்பு என்று சொல்லிவிட்டேன்.